‘கெட் அவே’ படிக்க எந்த அகராதி? பர்மாத் தமிழர்களுக்காக ஓர் அலசல்

‘ஐ கான்ட் கெட் அவே பிஃபோர் செவன்’ என்று அலுவலகத்திலிருந்து ஒருவர் செய்தி அனுப்பினால், அவரை யாரும் அடைத்துவைத்திருக்கவில்லை. ஏழு மணிக்கு முன்னால் கிளம்ப வழியில்லை, அவ்வளவுதான். ‘தி தீஃப் காட் அவே’ என்றால் திருடன் தப்பிவிட்டான். ‘வீ காட் அவே டு கலோ ஃபார் திஞ்சான்’ என்றால் தண்ணீர்த் திருவிழா விடுமுறைக்குக் கலோ மலைக்குப் போய் வந்தோம். நம்ப முடியாத சேதியைக் கேட்டு ஓர் ஆங்கிலேயர் ‘கெட் அவே!’ என்றால், அது நம் ‘அட, போங்க!’தான். இந்த நான்கு இடத்துக்கும் ‘தப்பித்தல்’ என்று ஒரே சொல்லைப் போட்டுக் கைகழுவும் அகராதி, படிப்பவரைப் பாதி வழியில் இறக்கிவிடுகிறது.

ஓர் அகராதியை எடைபோட ‘கெட் அவே’யைவிட நல்ல உரைகல் கிடைப்பது கடினம். ‘கெட்’ தெரியும், ‘அவே’ தெரியும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் தெரியாது. இந்த வகைக் கூட்டுவினைகளைத்தான் ஆங்கில இலக்கணத்தில் ஃப்ரேசல் வெர்ப் என்கிறார்கள். ஆங்கிலம் கற்பவருக்காகவே எழுதப்பட்ட அகராதிகளில் நான்கை இங்கே பார்க்கலாம்: காலின்ஸ் கோபில்ட், ஆக்ஸ்ஃபோர்ட், லாங்மன், கேம்பிரிட்ஜ். நான்கையும் இணையத்தில் காசில்லாமல் பார்க்க முடியும். அமெரிக்க வழக்குக்காக மெரியம்-வெப்ஸ்டரின் மாணவர் அகராதியையும் கொஞ்சம் தொட்டுக்கொள்கிறேன். ஆங்கிலேயருக்காகவே எழுதப்பட்ட பெரிய அகராதிகளை ஒதுக்கிவிட்டேன். அவை சொற்பிறப்புக்கு நல்லவை. ‘வித்’ வருமா ‘ஃப்ரம்’ வருமா என்று தடுமாறுபவருக்கு அவ்வளவாக உதவாது.

தெருவில் பர்மியம், வீட்டிலும் கோயிலிலும் தமிழ், தேர்விலும் சிங்கப்பூர் வேலைக்கான நேர்காணலிலும் ஆங்கிலம் என்று வாழ்பவர்களுக்கு இந்த வினையில் இரண்டு பக்கத்திலிருந்தும் இடறல் வருகிறது. பர்மியத்தில் வினைச்சொல் காலத்துக்காக உருமாறாது. பின்னால் ஒட்டும் சிறுசொல்தான் வேலை செய்யும். அந்தப் பழக்கத்தில் ‘யெஸ்டர்டே ஹி கெட் அவே’ என்று வந்துவிடும். ‘காட்’ வர வேண்டும். தமிழிலோ ‘தப்பு’, ‘தப்பி’, ‘தப்பித்து’ என்று ஒரே வேர் எல்லா இடத்துக்கும் நீண்டுகொடுக்கிறது. அதனால் எல்லா இடத்திலும் ‘எஸ்கேப்’ என்று எழுதத் தோன்றும். இந்த இரண்டு இடறலையும் தடுக்கிறதா என்பதே என் அளவுகோல்.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பொருள் விளங்குவதற்குக் கோபில்ட். எழுதும்போது அமைப்பைச் சரிபார்க்க ஆக்ஸ்ஃபோர்ட். ஆங்கிலச் சொல்வளம் குறைவாக உள்ள, எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு லாங்மன். ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் கோபில்ட்டைத்தான் சொல்வேன். ஏன் என்பதை ‘கெட் அவே’யை வைத்தே பார்க்கலாம்.

கோபில்ட் 1987இல் வந்தது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில், அச்சிலும் பேச்சிலும் நிஜமாகப் புழங்கிய ஆங்கிலத்தைக் கணினியில் திரட்டி, அந்தத் திரட்டிலிருந்து எழுதிய அகராதி. அதன் தனிச்சிறப்பு முழுவாக்கிய விளக்கம். ‘தப்பித்தல்: எஸ்கேப்’ என்று எழுதாமல், ‘ஒருவர் ஓர் இடத்தை விட்டோ ஓர் ஆளை விட்டோ வெற்றிகரமாகக் கிளம்பிவிட்டால், அவர் கெட்ஸ் அவே’ என்ற பாணியில் எழுதும். விளக்கத்துக்குள்ளேயே யார், யாரிடமிருந்து, எப்படி என்ற மூன்றும் வந்துவிடுகின்றன. ‘வெற்றிகரமாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘கெட் அவே’யின் உயிர் அங்கேதான் இருக்கிறது. முயன்றது மட்டும் போதாது, முடிந்திருக்க வேண்டும்.

‘ஹி ரான் அவே, பட் ஹி டிடின்ட் கெட் அவே’ என்ற வாக்கியத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓடினான், ஆனால் தப்பவில்லை. ‘ரன் அவே’ செயலைச் சொல்கிறது. ‘கெட் அவே’ விளைவைச் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லும் அகராதியிடம் இந்த வாக்கியத்தைக் கொண்டுபோனால் அது திணறும். ‘ஃப்ளீ’யும் ‘ரன் அவே’ பக்கத்துச் சொல்தான்; கொஞ்சம் கனமானது, செய்தித்தாளுக்கும் வரலாற்றுக்கும் உரியது. 1941 டிசம்பர் 23இல் ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. அந்த மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள், பெரும்பாலோர் கால்நடையாக. ஆயிரக்கணக்கானோர் காட்டுவழியிலேயே இறந்துபோனார்கள். அதை ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால் ‘தே ஃப்ளெட்’ என்பது எல்லோருக்கும் பொருந்தும். ‘தே காட் அவே’ என்பது அக்கரை சேர்ந்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும். நம் குடும்பங்களின் கதையை எழுத வேண்டிய இடத்தில் இந்த வேறுபாடு சின்ன விஷயமில்லை.

‘எஸ்கேப்’புக்கும் ‘கெட் அவே’க்கும் உள்ள வேறுபாடு அமைப்பில் இருக்கிறது. ‘எஸ்கேப்’ சில இடங்களில் நேராகச் செயப்படுபொருளை எடுக்கும்: ‘எஸ்கேப் டெத்’, ‘எஸ்கேப் பனிஷ்மென்ட்’. சிறையிலிருந்து என்றால் ‘எஸ்கேப் ஃப்ரம் ப்ரிசன்’. ‘கெட் அவே’க்கு இந்த உரிமை இல்லை. இடமோ ஆளோ வந்தால் ‘ஃப்ரம்’ கட்டாயம்: ‘கெட் அவே ஃப்ரம் ஹிம்’. போகும் இடத்தைச் சொன்னால் ‘டு’: ‘கெட் அவே டு தி பீச்’. ‘கெட் அவே தி போலீஸ்’ என்று எழுதினால் தவறு. தமிழில் ‘போலீஸிடமிருந்து’ என்று வேற்றுமை உருபு தானாக ஒட்டிக்கொள்வதால், ஆங்கிலத்தில் அதற்கு ஒரு தனிச்சொல் வேண்டும் என்பது மறந்துபோகிறது. சிறையை உடைத்து வெளியேறுவதற்கு ‘பிரேக் அவுட் ஆஃப்’ என்று ஒன்று உண்டு. ஆனால் ‘ஆஃப்’ இல்லாத ‘பிரேக் அவுட்’டைத் தீ, போர், காலரா போன்றவற்றோடும் போடுவார்கள், அப்போது ‘திடீரென மூண்டது, பரவியது’ என்று பொருள். ‘எ ஃபயர் ப்ரோக் அவுட்’ என்பதைத் ‘தீ தப்பி ஓடியது’ என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது.

இனி ‘வித்’ சேர்ந்த ‘கெட் அவே வித்’. இந்த அலசலின் பெரும்பகுதி இதற்கே போக வேண்டும். படிப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ‘வித்’துக்குப் பின்னால் என்ன வருகிறதோ அதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. ‘ஹி காட் அவே வித் தி மனி’: பணத்தோடு தப்பினான், பணத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ‘ஹி காட் அவே வித் எ ஃபைன்’: அபராதத்தோடு தப்பினான், சிறைக்குப் போக வேண்டியவன் லேசான தண்டனையோடு வெளியே வந்துவிட்டான். ‘யூ கேன் கெட் அவே வித் ஒன் கோட் ஆஃப் பெயின்ட்’: ஒரு கோட் பெயின்ட்டோடு ஒப்பேற்றிவிடலாம், இரண்டாவது தேவைப்படாது. இந்த மூன்றுக்கும் தமிழின் ‘ஓடு’ அழகாகக் கைகொடுக்கிறது. நான்காவதில்தான் அது கைவிடும். ‘ஹி காட் அவே வித் எ லை’ என்பதைப் ‘பொய்யோடு தப்பினான்’ என்றால் யாருக்கும் விளங்காது. ‘பொய் சொல்லியும் தப்பிவிட்டான்’ என்று ‘உம்’ வர வேண்டும். மாட்டியிருக்க வேண்டும், ஆனால் மாட்டவில்லை என்ற முரண் அந்த ‘உம்’மில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த முரண் எந்த எழுத்திலும் தெரியாது. ‘வித்’துக்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல் குற்றமா, பொருளா, தண்டனையா, குறைந்த அளவா என்று பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

மனி, லை, ஃபைன், ஒன் கோட் என்ற இந்த நான்கையும் வைத்து எந்த அகராதியையும், எந்தச் செயலியையும் சோதிக்கலாம். ஆக்ஸ்ஃபோர்ட் இந்தச் சோதனையில் நன்றாகத் தேறுகிறது: திருடிக்கொண்டு தப்புவது, லேசான தண்டனை பெறுவது, தவறு செய்தும் தண்டனை பெறாதது, நினைத்ததைவிடக் குறைவானதை வைத்துச் சமாளிப்பது என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. கோபில்ட் தண்டனையில்லாமல் தப்புவதைத்தான் முன்னிறுத்துகிறது. ‘தவறான அல்லது துணிகரமான காரியம்’ என்று அதன் விளக்கம் இரண்டையும் சேர்த்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் ‘கெட் அவே வித்’ எப்போதும் குற்றத்தைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. அடர்த்தியான மஞ்சள் நிறச் சேலை எல்லோருக்கும் எடுபடாது. ஒருத்திக்கு எடுபட்டால் ‘ஷி கேன் கெட் அவே வித் தட் கலர்’ என்பார்கள். அதில் குற்றமில்லை, துணிச்சல் மட்டும் இருக்கிறது. கேம்பிரிட்ஜும் தண்டனைப் பொருளோடு, ‘சிறந்த வழியில்லை என்றாலும் வேலை நடந்துவிடும்’ என்ற சமாளிப்புப் பொருளையும் தருகிறது.

‘கெட் அவுட் ஆஃப்’ என்பதோடு குழப்பிக்கொள்வது அடுத்த சிக்கல். ஆசிரியரிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லி, வீட்டுப்பாடத்திலிருந்து முன்கூட்டியே விலக்கு வாங்கினால் அது ‘கெட் அவுட் ஆஃப் டூயிங் தி ஹோம்வர்க்’. வேலையிலிருந்து கழன்றுகொள்வது. வீட்டுப்பாடம் செய்யாமலே வகுப்புக்கு வந்து, ஆசிரியர் கேட்காமல் விட்டுவிட்டால் அது ‘கெட் அவே வித் நாட் டூயிங் தி ஹோம்வர்க்’. மாட்டாமல் போவது. முன்னதில் கடமையே கழிகிறது. பின்னதில் கடமை அப்படியே இருக்கிறது, தண்டனை மட்டும் வரவில்லை. இரண்டிலும் வினைக்குப் பின்னால் ‘இங்’ வடிவம்தான் வரும். ‘கெட் அவே வித் டு சீட்’ தவறு, ‘வித் சீட்டிங்’ சரி. கேம்பிரிட்ஜ் போன்ற அகராதிகள் ‘சம்திங்’, ‘டூயிங் சம்திங்’ என்று அமைப்பைக் காட்டுவது இதற்காகத்தான்; அந்த வரியைத் தாண்டிப் போய் நேராகப் பொருளைப் படிப்பவர்கள் இந்தத் தவறைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள்.

அமைப்பைக் காட்டுவதில் ஆக்ஸ்ஃபோர்டும் லாங்மனும் ஒரு நல்ல குறியைக் கையாளுகின்றன: இருபுறமும் முனையுள்ள சிறிய அம்பு. ‘டேக் அவே’யில் அந்த அம்பு இருக்கும். ‘டேக் தி ப்ளேட் அவே’ என்றும் சொல்லலாம், ‘டேக் அவே தி ப்ளேட்’ என்றும் சொல்லலாம் என்று பொருள். ‘கெட் அவே வித்’தில் அம்பு இருக்காது, பிரிக்க முடியாது. ஒருவரை அப்புறப்படுத்துவது என்ற பொருளில் ‘கெட் தி சைல்ட் அவே ஃப்ரம் தி ஃபயர்’ என்று நடுவில் ஆள் வரலாம்; ‘கெட் அவே தி சைல்ட்’ வராது. இந்தப் பொருளைக் கோபில்ட் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது: ஒருவர் தானாகத் தப்பினாலும், இன்னொருவர் அவரைத் தப்பவைத்தாலும் இரண்டும் இந்த வினைதான் என்று. ஆனால் அமைப்பைக் குறியாகப் பார்க்கப் பழகியவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டே வசதி.

லாங்மனின் பலம் வேறு. 1978இல் வந்த அதன் முதல் பதிப்பிலிருந்தே, விளக்கங்களைச் சுமார் 2,000 சொற்களுக்குள் எழுதுவது என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஒரு சொல்லின் விளக்கத்தைப் படிக்க இன்னொரு அகராதி தேவைப்படுவது நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகளின் பெரிய சோர்வு; லாங்மன் அதை வெகுவாகக் குறைக்கிறது. பல பொருள் உள்ள பதிவுகளில் ஒவ்வொரு பொருளின் தலையிலும் ஒரு சிறிய வழிகாட்டிச் சொல் இருக்கும். கண்ணை ஓட்டி வேண்டியதைப் பிடித்துக்கொள்ளலாம். டியூஷன் நடத்தும் அக்காமார்கள், சயாக்கள் (பர்மியத்தில் ஆசிரியர்கள்) இதைத்தான் முதலில் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பெரியவர்கள் ஆறு மாதம் லாங்மனில் பழகிவிட்டுக் கோபில்ட்டுக்கு மாறலாம்.

மரபுத்தொடர்களில் எல்லா அகராதியும் தேடுபவரைக் கொஞ்சம் அலைக்கழிக்கும். ‘கெட் அவே வித் மர்டர்’ என்பதை அச்சு ஆக்ஸ்ஃபோர்டில் ‘கெட்’டில் தேடிக் கிடைக்கவில்லை என்று மூடிவிடாதீர்கள், ‘மர்டர்’ என்ற சொல்லின் கீழே பாருங்கள். ‘கெட்’ போன்ற மிகப் பொதுவான வினையில் தொடங்கும் மரபுத்தொடர்களை அடுத்த கனமான சொல்லின் கீழே வைப்பது அவர்கள் வழக்கம். இந்தத் தொடருக்குக் கொலையோடு சம்பந்தமில்லை. என்ன அட்டகாசம் செய்தாலும் கேட்க ஆளில்லை என்பது பொருள், பெரும்பாலும் செல்லம் கொடுத்த பிள்ளையைப் பற்றி. ‘கெட் அவே ஃப்ரம் இட் ஆல்’ என்பது எல்லாத் தொந்தரவையும் விட்டு நாலு நாள் ஒதுங்கியிருப்பது. ஙபாலிக் கடற்கரைக்கோ மேமியோவுக்கோ போகிறவர்கள் சொல்வது. ‘தேர்ஸ் நோ கெட்டிங் அவே ஃப்ரம் இட்’ என்றால் தப்ப வழியில்லை என்று நேர்ப்பொருள் கொள்ளக் கூடாது. அதை மறுப்பதற்கில்லை என்பதே பொருள். ‘தி ஒன் தட் காட் அவே’ மீன்பிடிப்பவர்கள் பேச்சிலிருந்து வந்தது, தூண்டிலில் சிக்கி நழுவிய மீன். இப்போது கைநழுவிய வேலை, வாய்ப்பு, காதல் எல்லாவற்றுக்கும் சொல்கிறார்கள்; கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்று நாம் சொல்லும் இடம்.

‘கெட்டவே’ என்று ஒரே சொல்லாக எழுதினால் அது பெயர்ச்சொல். ‘கெட்டவே கார்’ கொள்ளையர் தப்ப வைத்திருக்கும் வண்டி. ‘வீக்கெண்ட் கெட்டவே’ வார இறுதிச் சுற்றுலா. விளம்பரப் பலகைகளில் இரண்டாவதைத்தான் அதிகம் காண்பீர்கள். வினையில் அழுத்தம் ‘வே’யில் விழும், பெயரில் ‘கெட்’டில் விழும். ஆக்ஸ்ஃபோர்ட் கூட்டுவினைகளுக்கும் அழுத்தக் குறி போடுகிறது. கவனித்துப் படிக்க வேண்டிய குறி.

உச்சரிப்பு நம்மவர்களுக்குத் தனிச் சிக்கல். பர்மியத்தில் சொல்லின் இறுதியில் ட், ப், க் ஒலிகள் முழுதாக வெடிக்காது. தொண்டையில் வெட்டுப்பட்டு நிற்கும். அந்தப் பழக்கத்தில் ‘கெ’ அவே’ என்று வந்து, கேட்பவருக்கு ‘கெட்’ காணாமல் போய்விடும். தமிழ்ப் பழக்கத்திலோ ‘கெட்டு அவே’ என்று ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் வேண்டாம். இறுதி ‘ட்’ அடுத்த ‘அ’வோடு சேர்ந்து ‘கெ-ட்ட-வே’ என்று மூன்று அசையாக ஓட வேண்டும். அமெரிக்க உச்சரிப்பில் அந்த ‘ட்ட’ மெலிந்து, ‘படம்’ என்பதில் வரும் ‘ட’ போல ஒலிக்கும்: ‘கெ-ட-வே’. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பிரிட்டிஷ், அமெரிக்கக் குரல்கள் தனித்தனியாக உண்டு. சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்கள் பிரிட்டிஷ் குரலைக் கேட்டால் போதும். ‘காட்’ என்பதற்குப் பதில் ‘ஹேஸ் காட்டன் அவே வித் இட்’ என்று அமெரிக்கப் படங்களில் கேட்டுக் குழம்பியவர்கள் மெரியம்-வெப்ஸ்டரைப் பார்க்கலாம். 2008இல் வந்த அவர்களின் மாணவர் அகராதி அமெரிக்க வழக்கை மையமாக வைத்தது. ‘காட்டன்’ தவறில்லை, அமெரிக்க வடிவம். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்தால்தான் மதிப்பெண் குறையும்.

கேம்பிரிட்ஜில் இன்னொரு வசதி, பல சொற்களுக்கும் பொருள்களுக்கும் ஏ1 (தொடக்கநிலை) முதல் சி2 (மிக உயர்ந்த நிலை) வரை படிநிலை குறித்திருப்பது. எந்தப் பொருளை முதலில் படிப்பது, எதைத் தள்ளிப்போடலாம் என்று முடிவெடுக்க அது உதவும். மற்றபடி ‘கெட் அவே’ அளவில் அது கோபில்ட்டைத் தாண்டவில்லை.

தொலைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, எல்லோர் கையிலும் அதுதான் இருக்கிறது. கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011இல் வந்தது, பர்மியம் 2014இல். ‘கெட் அவே’ என்று இரண்டு சொல்லை மட்டும் அடித்துப் பார்ப்பதே தவறான பழக்கம். செயலி சுற்றியுள்ள சொற்களை வைத்துத்தான் பொருளைத் தேர்கிறது; சுற்றம் இல்லாவிட்டால் அது குருட்டாம்போக்கில் ஒன்றைத் தரும். முழு வாக்கியத்தைக் கொடுங்கள், முடிந்தால் முன்வாக்கியத்தையும் சேர்த்துக் கொடுங்கள். வந்த தமிழைத் திருப்பி ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள். ‘ஹி காட் அவே வித் எ ஃபைன்’ கொடுத்து, திரும்பி வரும்போது அபராதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதாக வந்தால் பொருள் தவறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். விளங்கிக்கொள்ளச் செயலி போதும். எழுதுவதற்கு அகராதியைத் திறந்தே ஆக வேண்டும்.

இடமறிந்த பேச்சு என்று ஒன்று உண்டு. ‘கெட் அவே’ பேச்சு வழக்கு. வேலை விண்ணப்பத்தில் ‘ஐ வான்ட் டு கெட் அவே ஃப்ரம் மை ப்ரெசன்ட் ஜாப்’ என்று எழுதினால், இப்போதைய வேலையிலிருந்து தப்பி ஓடத் துடிப்பவர் போலத் தெரியும். அங்கே ‘லீவ்’ போதும். வியப்புக்குச் சொல்லும் ‘கெட் அவே!’யைப் பெரியவர்களிடமும் மேலதிகாரியிடமும் சொல்லவே வேண்டாம். ‘விலகிப் போ’ என்ற அதட்டலும் அதே இரண்டு சொல்தான், குரலின் ஏற்றம் மட்டுமே வேறு.

இனி யாங்கோனில் இவற்றை வைத்துப் படிப்பது எப்படி என்பது. மின்சாரம் நேரம் பிரித்து வருகிறது, இணையமும் அப்படித்தான். அதனால் இணைப்பு இருக்கும்போதே வேண்டிய பக்கங்களைச் சேமித்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டுத் தொலைபேசியில் குரோமைத் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தொட்டால், கீழ்நோக்கிய அம்பு ஒன்று தெரியும். அதைத் தொட்டால் பக்கம் இறங்கிவிடும். காலின்ஸில் ‘கெட் அவே’க்கு ஒரு பக்கம், ‘கெட் அவே வித்’துக்கு ஒரு பக்கம் எனத் தனித்தனியாகச் சேமியுங்கள். காலின்ஸ் பக்கத்தில் கோபில்ட்டுக்குக் கீழே பொது ஆங்கில அகராதிப் பதிவுகளும் அடுக்கி வரும். மேலே உள்ள முதல் பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம். இப்படிச் சேமித்த பக்கத்தில் ஒலி வராது என்பதால், உச்சரிப்பை இணைப்பு இருக்கும்போதே கேட்டு, மூன்று நான்கு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகிவிடுங்கள். பழைய பாடக்குறிப்புகளில் மாக்மில்லன் அகராதியின் இணைப்பு இருந்தால் அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அந்தத் தளம் 2023இல் மூடப்பட்டுவிட்டது.

நோட்டில் எழுதும்போது ‘கெட் அவே = தப்பித்தல்’ என்று ஒரு வரி எழுதுவதைவிட எழுதாமலே இருக்கலாம். ஒரு பக்கத்தை இந்த வினைக்கே ஒதுக்குங்கள். தலைப்பில் ‘கெட் அவே’, ‘கெட் அவே ஃப்ரம்’, ‘கெட் அவே வித்’ என்று மூன்று அமைப்பு. ஒவ்வொன்றின் கீழேயும் இறந்தகாலத்தில் ஒரு வாக்கியம், ‘வித்’தின் கீழே மட்டும் நான்கு வாக்கியம். எதிரே தமிழை எழுதும்போது கிளம்பு, விலகு, தப்பு, ஒப்பேற்று, மாட்டாமல் போ என்று இடத்துக்கேற்ற வினையை எழுதுங்கள்.

மின்வெட்டு நேரத்துக்கு அச்சு அகராதி கைவசம் இருப்பது நல்லது. பன்சோடான் தெருப் பழைய புத்தகக் கடைகளில் ஆக்ஸ்ஃபோர்டும் லாங்மனும் அவ்வப்போது கிடைக்கும். ‘கெட் அவே’ போன்ற பழகிய கூட்டுவினைகளுக்குப் பழைய பதிப்பே போதும். புதிய பதிப்பில் கூடுவது பெரும்பாலும் புதுச்சொற்கள்தான். நகலெடுத்துக் கட்டிய பிரதிகளில் எச்சரிக்கை வேண்டும். விலை பேசுவதற்கு முன்னால் ‘ஜி’ எழுத்தில் ‘கெட்’டைத் திறந்து பாருங்கள். நீளமான பதிவு என்பதால் ஒரு தாள் விட்டுப்போனால் இங்கேதான் முதலில் தெரியும். மரபுத்தொடர்கள் முடிந்த பிறகு கூட்டுவினைகள் அகர வரிசையில் வரும். ‘அலாங்’, ‘அட்’, ‘அவே’, ‘பேக்’ என்று ஒழுங்கு அறுபடாமல் ஓடுகிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். அடுத்து ‘டேக் அவே’யைத் திறந்து, நடுவிலுள்ள அம்பும் அழுத்தக் குறியும் தெளிவாக விழுந்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். நகலில் முதலில் அழிவது இந்தச் சிறு குறிகள்தான். அவை இல்லையென்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்தப் பிரதியை வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்ப் பாருங்கள்.